வியாழக்கிழமை வந்த கப்பல்

மாமா,

இன்று காலைப் பேப்பரில் ஒரு எண்ணெய்க் கப்பலின் படம் வந்திருந்தது. எங்கோ தூரத்துக் கடலில் சண்டை, அதனால் கப்பல்கள் தாமதிக்கின்றன, இங்கே விலை ஏறலாம் என்று கீழே எழுதியிருந்தார்கள். செய்தியை விட்டுவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "அதுக்குள்ள நம்மட டீசல் இருக்கா புள்ள?" என்று கேட்டிருப்பீர்கள்.

நாட்டில் டீசல் இல்லாமல் போன அந்த வருடம் எனக்குப் பதின்மூன்று வயது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் உங்கள் நெல் வேளாண்மை நன்றாக விளைந்து, வயல் வட்டை முழுவதும் மஞ்சளாகக் கிடந்தது. வெட்டு மெசின்காரர், டீசல் தந்தால்தான் வயலில் இறக்குவேன் என்று சொல்லிவிட்டார். கிரான் ஊரிலிருந்து எட்டுப் பேர் கையால் வெட்டத் தயாராக, கதிர் அறுக்கும் தாக்கத்தியோடு உங்கள் முற்றத்தில் வந்து நின்றார்கள். அவர்கள் கேட்ட கூலி அதிகம். அவர்களை வைத்து வெட்டுவதா, மெசினுக்காகக் காத்திருப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் முந்திய நாள் பேப்பரை என்னிடம் நீட்டினீர்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் அந்நியச் செலாவணி, கையிருப்பு என்று வந்தால் அது என் வேலை. எனக்கு அதில் பெரிய பெருமை.

"வியாழக்கிழமை டீசல் கப்பல் வருது மாமா."

"நிச்சயமா?"

"ஓம், பெரிசாப் போட்டிருக்கு."

நீங்கள் முற்றத்துக்குப் போய், "மருமகள் பாத்துச் சொல்லிட்டா, மெசின் இறங்கும்" என்று அவர்களைத் திருப்பி அனுப்பினீர்கள். "மருமகளா கப்பல் ஓட்டுறா?" என்று ஒருவர் கேட்க எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும்தான்.

கப்பல் வியாழக்கிழமை வந்தது. வந்து கொழும்புக்கு வெளியே கடலில் நின்றது. கொடுக்க டொலர் இல்லை. பணம் கட்டிய பிறகே டீசல் இறக்கப்படும் என்பதும் அதே செய்தியில் இருந்தது. நான்தான் தலைப்போடு நிறுத்திவிட்டேன்.

பத்து நாளில் கதிர் முற்றிக் கொட்டத் தொடங்கியது. கிரான் ஆட்கள் வேறு வட்டைக்குப் போய்விட்டார்கள். நீங்கள், மாமி, அம்மா, நான் என்று நாலு பேர் வெட்டினோம். கால் வைத்த இடமெல்லாம் நெல்.

"இனி நல்ல நாள் பாக்கத் தேவயில்ல. பேப்பர் பாத்து வெட்டுவம்" என்றார் மாமி.

நீங்கள் குனிந்தபடியே சொன்னீர்கள்: "புள்ள பொய் சொல்லல்ல. கப்பல் வந்ததுதானே. அரசாங்கத்திட்ட காசில்லாதது அவட பிழையா?"

நான் வரம்புக்கு மறுபக்கம் போய் அழுதேன். விளைந்ததில் மூன்றில் ஒரு பங்கு மண்ணோடு போயிற்று.

அடுத்த கிழமை மறுபடியும் பேப்பரோடு வந்தீர்கள். நான் கை நீட்டவில்லை.

"வேற ஆரிட்டயும் குடுங்க மாமா."

"வேற ஆரு இருக்கா? வாசி. நாட்டுக்குக் கடன் தாறவனுகள் என்ன சொல்றானுகள்?"

ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அரசாங்கத்துக்கு வருமானத்தைவிடச் செலவு அதிகம், எண்ணெயை இனி வாங்கிய விலைக்குக் குறைத்து விற்கக் கூடாது, வரியையும் கூட்ட வேண்டும் என்கிறார்கள் என்றேன்.

"அப்ப டீசல் வரும். வாங்கத்தான் ஏலா."

"ஓம் மாமா."

"அதச் சொல்லு. தெரிஞ்சா நான் என்னத்தயாவது செய்வன்."

விலை எப்போது குறையும் என்றும் கேட்டீர்கள். அது போடவில்லை, எனக்கும் தெரியாது என்றேன். தலையாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தீர்கள். அடுத்த சிறுபோகத்தில் பாதிக் காணியில் மட்டும் நெல் விதைத்து, மீதியில் மெசின் தேவைப்படாத பயறு போட்டீர்கள். ஊரில் சிலர் சிரித்தார்கள். பயறு உங்களைக் கைவிடவில்லை.

போன மாரியில் நெஞ்சு நோவு என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் காணியை இப்போது மாமி குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார். நான் உயர்தர வகுப்பில் பொருளியல் படிக்கிறேன். விலை, வரி, மானியம் என்று எதை வாசித்தாலும், அதை நம்பி யாரோ ஒருவர் ஆட்களைத் திருப்பி அனுப்பப் போகிறார் என்ற பயம் எனக்கு வந்துவிடுகிறது. அந்தப் பயத்தை விட்டுவிட எனக்கு விருப்பமில்லை.

சென்ற தவணைப் பரீட்சையில், விவசாயிகளுக்கு அரசாங்கம் வழங்கக்கூடிய மானியங்களை எழுதுக என்று ஒரு கேள்வி. உரம், எரிபொருள், விதைநெல் என்று புத்தகத்தில் இருந்ததை எழுதினேன். கடைசியில் இதையும் சேர்த்தேன்: "டீசல் வருமா, வராதா என்பதை அறுவடைக்கு முன்னரே உண்மையாகச் சொல்லுதல்."

ரீச்சர் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். புள்ளி தரவில்லை, மாமா. அடுத்த தவணையும் அதை எழுதுவேன்.