ரேகை தேய்ந்த விரல்களுக்கு

இன்று காலை அலுவலகத்துக்குப் புதிய போன் ஒன்று வந்தது. நடுவில் மடிக்கிற ரகம். டப்பாவைத் திறந்ததும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்தப் புது வாசனை எழுந்தது. நீ இருந்திருந்தால் போனைத் தொடுவதற்கு முன்னால் டப்பாவை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்திருப்பாய். "டெஸ்டிங்னா மூக்குலருந்துதான்டி ஆரம்பிக்கணும்" என்று சிரித்திருப்பாய். இங்கே யாரும் அப்படிச் செய்யவில்லை. போனை ஓரமாக வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் அரக்கோணத்தில் ரயில் ஏறுவேன், நீ புத்தூரில் ஏறுவாய். திருப்பதியில் ஒரே அலுவலகம். போன் செயலிகளுக்குத் திரைகளை வடிவமைப்பது என் வேலை, அவற்றில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது உன் வேலை. உன் தோள்பையில் சாப்பாட்டு டப்பாவோடு பழைய போன்களும் கிடக்கும். உன் அத்தை கழித்துப் போட்டது, ரிப்பேர் கடையில் கேட்டு வாங்கியது, பேட்டரி உப்பியது, கண்ணாடியில் விரிசல் ஓடியது. புதுப் போன்கள் அலமாரியில் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று மேலாளர் கேட்டால், "ஜனங்க கையில கீறது இதுதானே சார்" என்பாய்.

ரயிலிலேயே நீ வேலையைத் தொடங்கிவிடுவாய். ஒரு நாள், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த ஒருவரிடம் என் திரையை நீட்டினாய்.

"அண்ணா, ஒரு கையாலயே இத அமுக்கிப் பாருங்களேன்."

அவர் கட்டைவிரலை எட்டி எட்டிப் பார்த்தார். போன் நழுவிற்று. நல்லவேளை, உன் மடியிலேயே விழுந்தது. நீ என் பக்கம் திரும்பினாய். "பாத்தியா? உன் பட்டன் மேல மூலையில ஜம்முனு ஒக்காந்துகினு கீது. அண்ணன் விரலு அங்க போவல." அன்று மதியமே பட்டனைக் கீழே இறக்கினேன். புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே சிக்னல் போய்ப் போய் வரும். நீ வேண்டுமென்றே அங்கே வந்ததும்தான் எதையாவது அனுப்பிப் பார்ப்பாய்.

பிறகு மாங்காய்ச் செயலி வந்தது. சித்தூர்ப் பக்கம் காய் இறங்கும் நாட்களில் மாம்பழக் கூழ்த் தொழிற்சாலை வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். முறை வருவதற்குள் காய் சூடேறி அழுகும். வீட்டிலிருந்தபடியே போனில் முறை பதிந்துகொள்ள ஒரு தொழிற்சாலை நம்மிடம் செயலி கேட்டது. நீ நைனா என்று கூப்பிடும் உன் அப்பாவுக்கும் மாந்தோப்பு இருந்ததால் நீ அதை உன் வீட்டுக் காரியமாகவே எடுத்துக்கொண்டாய்.

தொழிற்சாலைக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். விரல்ரேகை வைத்தால்தான் செயலி திறக்க வேண்டும். இல்லாவிட்டால் தரகர்கள் விவசாயி பேரில் முறை பதிந்து, பிறகு விற்றுவிடுவார்கள். ரேகை பார்க்கும் வசதி இல்லாத போன் வைத்திருப்பவர்கள் நேரில் வரட்டும் என்றார்கள். கங்காதர நெல்லூரிலிருந்து ஒருத்தர் அதற்காகவே பஸ் ஏறி வரணுமா என்று நீ வாதாடினாய். மேலாளர் வழக்கம்போலப் பதில் சொன்னார்.

"அடுத்த வெர்ஷன்ல பார்த்துக்கலாம்மா."

"மாங்கா அடுத்த வெர்ஷன் வரைக்கும் மரத்துல குந்திக்கினு இருக்காது சார்."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் எதுவும் மாறவில்லை.

அந்த மாதங்களில்தான் உன் வயிற்றுவலிக்குப் பேர் தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, புற்றுநோய்க்கான மாத்திரை தொடங்கினார்கள். வேலைக்கு வராமல் இருந்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது என்று திரும்பி வந்தாய். விரல் நுனிகள் சிவந்து, தோல் உரிந்துகொண்டிருந்தது. ஒரு காலை, ரயிலில் உன் சொந்தப் போனைத் திறக்க விரலை வைத்தாய். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாய், வேறு விரலை வைத்தாய். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பிறகுதான் சொன்னாய்.

"ரேகையே போய்க்கிச்சுடி. என் போனே என்னைய யாருன்னு கேக்குது."

உன் கையைப் பிடித்துக்கொள்ளலாமா, வலிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ரேணிகுண்டா வந்தபோது நீ கண்ணைத் துடைத்துவிட்டு, "அடுத்த மீட்டிங் எப்ப?" என்று கேட்டாய்.

அந்தக் கூட்டத்துக்குத் தொழிற்சாலையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நீ அலமாரிப் போன்களையும் உன் பையிலிருந்த பழைய போன்களையும் மேசையில் பரப்பினாய். ரேகை பார்க்கும் ஒவ்வொன்றிலும் உன் விரலைப் பதியப் பார்த்தாய். ஒவ்வொன்றும் மறுத்து அதிர்ந்தது. அறையில் அந்த அதிர்வுச் சத்தம் மட்டும் கேட்டது. பாதியிலேயே மேலாளர், "போதும்மா" என்றார். நீ நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் பேசினாய்.

"எனக்கு மாத்திரையால போச்சு. மம்மட்டி புடிக்கிறவங்களுக்கு வேலையால போவுது. எங்க நைனா கையும் இப்படித்தான். தரகர வெளிய நிறுத்தறோம்னு சொல்லி, காய் போடறவன வெளிய நிறுத்தாதீங்க."

அதையே தெலுங்கிலும் சொன்னாய். அந்த அம்மா உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "மரி ஏம் சேத்தாம்?" என்று மெதுவாகக் கேட்டார். அப்படியானால் என்ன செய்யலாம் என்று அவர் கேட்டதே போதும், நீ வழியோடுதான் வந்திருந்தாய். ரேகைக்குப் பதில் ரகசிய எண். ஒவ்வொரு பதிவுக்கும் விவசாயியின் நம்பருக்கே செய்தி. தரகர் பதிந்தால் உடனே தெரிந்துவிடும். அவர் ஒத்துக்கொண்டார்.

எண்களை அகலமாக வைத்து நான் திரையை வரைந்தேன். நுனி எரிந்ததால் நீ மடக்கிய விரலின் மூட்டால் தட்டித் தட்டி ஒவ்வொரு போனிலும் சோதித்தாய். எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு போனில் கடைசிப் பட்டன் திரைக்குக் கீழே போய்விடுவதை அப்படித்தான் பிடித்தாய்.

சீசன் தொடங்கியபோது நீ வீட்டோடு இருந்தாய். ஒரு மதியம் உன்னிடமிருந்து போன். "நைனா அவரே முறை போட்டுக்கினாருடி! நான் தொடவே இல்ல. லாரி போய்க்கினு கீது." பின்னால் யாரோ கயிறு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். உன் குரலில் மூச்சு வாங்கியது. இருந்தும் நீ போனை வைக்கவே இல்லை. லாரி திருப்பத்தில் மறைகிறவரை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாய்.

மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். புத்தூரில் ரயில் நிற்கும்போது கொஞ்ச நாள் நான் கண்ணை மூடிக்கொள்வேன். இப்போது மூடுவதில்லை. ஏறுகிறவர்கள் போனை எந்தக் கையில் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

போன மாதம் உன் நைனா கூப்பிட்டார். உன் தம்பி அவருக்குப் புதுப் போன் வாங்கித் தந்திருக்கிறான். அதில் செயலி சரியாக வரவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தயங்கித் தயங்கி என்னிடம் நீட்டினார்.

"எனக்குத்தான் சரியா தெரியல போலக்கீதும்மா. வயசாச்சு இல்ல. உன்ன வேற வீணா அலைய வெச்சுட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். அந்த உயரமான திரையில் எண்களின் கடைசி வரிசை பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது.

"உங்க மேல இன்னா நைனா தப்பு? ஸ்க்ரீன்தான் தப்பா கீது" என்றேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதன் பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி அரக்கோணம் வந்தவள் நான். என் வீட்டில் யாரும் யாரையும் நைனா என்று கூப்பிட்டதில்லை.

அவர் தனக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, "குந்தும்மா" என்றார்.