செவ்வாய்க்கிழமை அடித்த போன்

மகாராணி அக்கா சமூகத்துக்குத் தம்பியின் சாஷ்டாங்க வணக்கம். முட்டிவலி தேவலையா?

ஈரேழு உலகமும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன்.

எழுந்துவிட்டதற்கு அடையாளமாகத் தினமும் ஆறு மணிக்கு இரண்டு ரிங் விட்டுக் கட் செய்வாயே, செவ்வாய்க்கிழமையும் அப்படியே அடித்தது. அந்தச் சத்தத்தில் நான் பழுதுபார்க்கும் நாற்பது லிஃப்டும் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தன. மேனேஜர் நிலாவில் இறங்கி லீவு கேட்டார்.

புதன்கிழமை அடிக்கவில்லை. உன் பக்கத்து வீட்டுத் தையல்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"அக்கா நல்லாத்தான் இருக்காங்கண்ணே. போன்தான் திங்கக்கிழமை சாயங்காலம் தண்ணித்தொட்டியில விழுந்துடுச்சு. அப்போலேருந்து ரிப்பேர் கடையில கெடக்கு."

போன் வரும்வரை தையல்காரர் போனிலிருந்தாவது அடி, அக்கா. இங்கே என்னைத் தேடி அடிப்பது அது ஒன்றுதான்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. லிஃப்ட் பறந்ததும் நிலாவும் புளுகு. செவ்வாய்க்கிழமை போன் அடித்தது மட்டும் நிஜம்.

உன் தம்பி