மழை நாளிலும் பேசும் கணினி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

அப்பாவைப் போலப் பேச்சு போனவர்களுக்காக நாங்கள் செய்த செயலி ஒருவழியாக ஆப் ஸ்டோருக்கு வந்துவிட்டது. தட்டச்சு செய்ததைக் கணினி வாய்விட்டுச் சொல்லும். முதல் தடவை ஸ்டோர்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இணையம் இல்லாதபோது திறந்தால் பட்டென்று மூடிக்கொள்கிறதாம்.

மேலாளர், "நெட் இல்லாத வீடு இப்ப எங்க இருக்கு? நெட் கட்டாயம்னு ஒரு வரி போட்டு அனுப்பிடு" என்றார்.

"எங்க வீட்டுல மழை பெஞ்சாலே நெட் போயிடும் சார். அதுவரைக்கும் எங்கப்பா வாயை மூடிட்டு உக்காந்திருக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பயப்படாதே, வேலை போகவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சரி, ஒரு வாரம் எடுத்துக்கோ" என்றார்.

பேசும் குரலைச் செயலிக்குள்ளேயே வைத்துவிட்டேன். இப்போது இணையம் இல்லாமலும் பேசுகிறது. செய்தி வாசிப்பவர் மாதிரி இருக்கும், சிரிக்காதே.

அண்ணியிடம் சொல்லி அப்பாவின் கணினியில் போடு. திரையில் எழுத்துப் பொத்தான்களைப் பெரிதாக வைக்கச் சொல், அவருக்கு இடது கை மட்டும்தானே வேலை செய்கிறது. அவர் ஏதாவது தட்டினால் போனில் பதிவு செய்து அனுப்பு. அறைக்குத் திரும்பினால் என்னிடம் பேச ஆளில்லை. என்ன தட்டுவது என்று அவர் யோசித்தால், நான் மதியம் சாப்பிடுவதே இல்லை என்று மட்டும் சொல். திட்டுவதற்கு அவருக்கு வார்த்தை தானாக வரும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் மகள்