அண்ணி கேட்ட கேள்வி

என் அன்பு அண்ணிக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கிள்ளானில் எல்லாரும் நலம். அண்ணன் இப்போது தானே சமைக்கிறார். ரசத்தை மட்டும் இன்னும் வாயில் வைக்க முடியவில்லை.

முதுகலைப் படிப்புக்கு எனக்கு இரண்டு இடம் கிடைத்தது, அண்ணி. ஒன்று வணிக நிர்வாகம், இன்னொன்று முதியோர் நலம். இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பதைத் தாண்டியவளுக்கு ஆஸ்பத்திரியில் இன்னொரு முறை படிப்பு விடுப்பு தரமாட்டார்கள். நிர்வாகம் படித்தால் எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கே தலைவியாகலாம் என்றார் அண்ணன். அம்மா ஒரே போடாகப் போட்டார். "வயசானவங்கள பத்திப் படிக்க யூனிவர்சிட்டி எதுக்குலா? என்னைப் பாத்தாலே போதாதா?"

நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசிக்கவே தேவையில்லை. என்னை நேரே கேண்டீனுக்குக் கூட்டிப் போயிருப்பீர்கள்.

பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே நீங்கள் மேற்படிப்புத் தேடிய நாட்கள் நினைவிருக்கிறதா? விளம்பரம் எதையும் நம்பவில்லை. சனிக்கிழமைகளில் என்னையும் கொமுட்டர் ரயிலில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு பல்கலைக்கழகக் கேண்டீனிலும் போய் உட்கார்ந்தீர்கள். முன்பின் தெரியாதவர்களிடம், "பாஸ், போன வாரம் கிளாஸ்ல என்ன படிச்சீங்க?" என்று கேட்டீர்கள். நான் வெட்கத்தில் தே தாரிக் டீக் கோப்பைக்குள் தலையை விடாத குறை. பதவியையும் சம்பளத்தையும் பேசியவர்களுக்கு நன்றி சொல்லி எழுந்துவிட்டீர்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கான படிப்பில் இருந்த ஒருவர் மட்டும், எழுத்துகள் அந்தப் பிள்ளைகளை எப்படிக் குழப்புகின்றன என்று மேசையில் விரலால் எழுதிக் காட்டினார். அதிலேயே சேர்ந்தீர்கள். தலைமையாசிரியை ஆகும் வழியை விட்டுவிட்டாளே என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தது உங்கள் காதில் ஏறவே இல்லை. அந்தத் துணிச்சலுக்காகவே உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன சனிக்கிழமை பல்கலைக்கழகக் கேண்டீனுக்கு நான் தனியாகப் போனேன். முதியோர் நலம் படிக்கும் ஒரு பெண்ணிடம் உங்கள் கேள்வியைக் கேட்டேன். வேலை முடிந்து நேராக வந்தவள் போல, கண் செருகிக் கிடந்தது. "ஓகேதான் போகுது அக்கா" என்றாள், அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?

மரியாதைக்கு அவள் என் வேலையைப் பற்றிக் கேட்டாள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வரும் அங்கிள் ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். விழுந்ததிலிருந்து நடக்க மறுத்தவர். வலி என்பார், ஆனால் உள்ளே இருந்தது மறுபடி விழுந்துவிடும் பயம். மாடி வீட்டிலிருந்து கீழே போய்த் தானே பேப்பர் வாங்கலாம் என்று ஆசை காட்டிய பிறகுதான் எழுந்தார். காலுக்குப் பயிற்சி தெரியும், பயத்துக்கு என்ன பயிற்சி என்று பேசிக்கொண்டே போனேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். கடைசியில், "அக்கா, நீங்க எங்களுக்கு சீனியரா? எந்த செமஸ்டர்?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணி. அங்கேயே போனை எடுத்து முதியோர் நலத்துக்கே சம்மதம் அனுப்பினேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்காமலே விட்டுவிட்டேன். முதல் ஆளிடம் போய்ப் பேசுமுன் உங்களுக்கும் பயமாக இருந்ததா?

இனி அந்தக் கேண்டீனில் நானும் இருப்பேன். எவ்வளவு களைத்திருந்தாலும், யாராவது தயங்கித் தயங்கி என் மேசைக்கு வந்தால், போன வாரம் படித்ததை முழுசாகச் சொல்லுவேன்.

என்றும் உங்கள் செல்ல நாத்தனார்,
கவிதா