சோடி சேர்ப்பவர்கள்

உம்மாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம், உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் தேநீர் கொடுக்கும் உப்புவெளி விடுதியில் மாநாட்டுக்கு வந்த பேராசிரியர்கள் மூன்று நாளாகச் சண்டை பிடிக்கிறார்கள். ஏதோ ஓர் உலோகத்தை மிகக் கடுமையாகக் குளிர்வித்தால், அதிலுள்ள கனத்த இலத்திரன்கள் சோடி சேர்ந்து, மின்சாரம் தடையில்லாமல் ஓடுமாம். சேர்ப்பது எதுவென்று நாற்பது வருடமாகத் தெரியாதாம்!

"காந்தந்தான் சேர்க்குது."

"விசர்க்கதை! காந்தம் பிரிக்கும்."

என்னைக் கண்டதும், "உமக்கு விளங்காது, பிள்ளை," என்றார் ஒருவர். அவருக்கு மட்டும் விளங்கிவிட்டதாக்கும்.

றஊப் மாமா இந்தப் பேராசிரியர்களையும் மிஞ்சிவிட்டார். முன்பின் காணாத மாப்பிள்ளையோடு என்னை ஒரே கிழமையில் சோடி சேர்த்துவிட்டாராம். பதினெட்டுக்கூட ஆகவில்லை, எனக்கு ஏலாது, உம்மா.

மண்டபம் குளிர், என் தடித்த சட்டையை பஸ்ஸில் அனுப்புங்கள். கூப்பிடுகிறார்கள், போகிறேன். இதை மாமாவுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அவர் முன்னால் எனக்குப் பேச வாய் வராது.

மகள்,
அம்ரா