மதகடியில் உங்கள் பெயரில் ஒரு தரிப்பிடம்

பாசமிகு அண்ணைக்கு,

நாகமுத்து குகநேசன் எழுதிக்கொள்வது. புத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, இன்றும் அங்கேயே குடியிருந்து, பிரதேச செயலகம் ஒன்றில் நிருவாக உத்தியோகத்தராகப் பணிபுரிபவன். வயது ஐம்பது. இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே: உங்கள் நினைவாக ஊர் கட்டிய பஸ் தரிப்பிடத்தை அகற்றும்படி நான் கேட்கப்போகிறேன். அதை வேறு எவரிடமிருந்தும் நீங்கள் கேள்விப்படக் கூடாது.

பெயரையும் நோக்கத்தையும் சொல்லாமல் எதையும் தொடங்கத் தெரியாதவன் என்று என்னைக் கேலி செய்வீர்கள். "இவன் கலியாண வீட்டிலையும் விண்ணப்பம் குடுத்திட்டுத்தான் பந்தியிலை இருப்பான்" என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறதா? சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

இதைப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். ஊர்க் கூட்டத்தில் வாயால் சொன்ன எதுவும் நிலைக்கவில்லை. ஆகவே உங்களை அறியாதவர்களுக்கும் சிலவற்றைச் சொல்லவேண்டும். என் அண்ணை தவநேசன் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கடையின் முகாமையாளராக இருந்தவர். ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்குமுன் மண்வெட்டியோடு மதகடியில் போய் நிற்பார். மேட்டுத் தோட்டங்களில் பெய்யும் மழை முழுவதும் வெள்ளவாய்க்கால் வழியே இறங்கி, வீதியின் குறுக்கே உள்ள அந்த ஒரே மதகின் ஊடாகத்தான் அப்பால் வயல்வெளிக்குப் போகவேண்டும். மதகின் வாய் அடைபட்டால் இப்பால் உள்ள பள்ளக் காணிகளில் வெள்ளம் நிற்கும். முதலில் முற்றம், பிறகு கிணறு.

அந்த இடத்தில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவர் எல்லோரையும் மறிப்பீர்கள். "மாஸ்ரர், சைக்கிளை விட்டிட்டு இறங்கும். அரை மணித்தியாலம் போதும். உம்மடை வீட்டுத் தண்ணியும் உதாலைதான் போகுது." சிலர் இறங்குவார்கள். பலர் ஏதோ செத்தவீட்டுக்குப் போவதாகச் சொல்லித் தப்புவார்கள். "இவ்வளவு சனம் செத்தும் வாக்காளர் பெயர் இடாப்பு குறையேல்லையே" என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பீர்கள்.

வேலை முடிந்ததும் வாய்க்கால் வரம்பில் ஏறி நின்று, எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதை வந்தவர்களுக்குச் சொல்வீர்கள். யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருந்தபோதும் அப்படியே. சங்கத்தின் விதித்தொகுப்பான யாப்பு சொன்ன காலம் முடிந்த அன்றே பதவியைவிட்டு இறங்கினீர்கள். யாப்பு இன்னும் மாறவில்லை, அண்ணை. அதை மதித்து இறங்கியவர்தான் உங்களுக்குப் பிறகு எவருமில்லை.

சென்ற வருடம் ஆனி மாதத்தில் நீங்கள் போனீர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாள்களிலேயே அபிவிருத்திச் சங்கம் கூடியது. அப்பாவின் பெயரில் ஊருக்கு ஏதாவது செய்ய விரும்புவதாக உங்கள் மகன் பிரதீபன் கனடாவிலிருந்து அறிவித்திருந்தான். தலைவர் பரஞ்சோதி அண்ணைக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"தவநேசன் எங்கை நிண்டவர்? மதகடியிலை நிண்டவர். அப்ப அவர் நிண்ட இடத்திலைதானே அவருக்கு ஞாபகம் வைக்கோணும்? வடிவான ஒரு பஸ் தரிப்பிடம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் ஏன் அங்கே நின்றீர்கள் என்பது ஒருவருக்காவது நினைவுக்கு வந்திருக்க வேண்டாமா? நான் எழுந்தேன்.

"மதகின்ரை வாயிலை அத்திவாரம் வெட்டினால் தண்ணி எங்காலை போறது? வீதிக்கு ஒதுக்கின நிலத்திலை கட்டுறதெண்டால் எழுத்திலை அனுமதியும் எடுக்கவேணும்."

"தம்பி, உது பொதுக்காரியம்" என்றார் தலைவர். "பொதுக்காரியத்துக்கு ஆரிட்டைப் போய் அனுமதி கேக்கிறது? நீர் உத்தியோகம் பாக்கிற கந்தோரிலை நடத்திற சட்டத்தைக் கந்தோரிலையே விட்டிட்டு வாரும்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "தமையனுக்குக் கட்டினாத் தம்பிக்கு எரியுது. தனக்கும் ஒண்டு வேணுமாக்கும்."

மண்டபம் சிரித்தது. கூட்ட அறிக்கையில் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று பதிந்தார்கள். எதிர்த்தவன் ஒருவன் இருந்தான், ஆகவே அந்தச் சொல் பிழை என்று அடுத்த கூட்டத்தில் திருத்தம் கேட்டேன். "ஓம் ஓம், திருத்துவம்" என்றார்கள். இன்னும் திருத்தவில்லை.

கட்டடம் எழுந்தது. மருதனார்மடத்தில் வெட்டுவித்த கருங்கல்லில் உங்கள் படமும் பெயரும். அத்திவாரத்தின் கீழே ஒடுங்கிய ஒரு குழாயைப் புதைத்துவிட்டு, "தண்ணி தன்ரை வழியைத் தானே பாக்கும்" என்றார் கட்டட வேலையை எடுத்த கொந்திராத்துக்காரர். திறப்பு விழாவில் பேசிய ஒவ்வொருவரும் நீங்கள் வாய்க்கால் துப்புரவாக்கியதை அந்த வாய்க்காலை மூடிய சீமெந்தின்மேல் நின்றே புகழ்ந்தார்கள். இத்தனைக்கும் அங்கே பஸ் நிற்பதில்லை. அது வளைவு, சாரதிகள் பழையபடி கடையடியில்தான் நிறுத்துகிறார்கள். உங்கள் நிழலில் ஆடுகள் ஒதுங்குகின்றன.

கடந்த கார்த்திகை மழைக்கு வாழைத் தடலும் பிளாஸ்ரிக் போத்தல்களும் அந்தக் குழாயை முதல்நாளே அடைத்துவிட்டன. பள்ளக் காணியில் குடியிருக்கும் செல்வராணியை உங்களுக்குத் தெரியும். தோட்ட வேலைக்குப் போய் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்ப்பவள். அவளுடைய வளவில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வெள்ளமாயின. இளைய பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டு ஆசுப்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். கிணற்றை இறைத்து மருந்து போட்டாயிற்று. ஆனாலும் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கப் பிள்ளை மறுக்கிறாள். தாய் இன்றைக்கும் அடுத்த ஒழுங்கையிலிருந்து குடத்தில் சுமக்கிறாள்.

தரிப்பிடத்தை அகற்றக் கேட்கும் முறைப்பாட்டை எழுதி எடுத்துக்கொண்டு முதலில் செல்வராணியிடம்தான் போனேன். பாதிக்கப்பட்டவரின் கையெழுத்து முதலில் இருப்பது முறை. அவள் வாசித்தாள்; திருப்பித் தந்தாள்.

"ஐயா, அந்தக் கல்லிலை இருக்கிறது ஆரின்ரை பேர்? எங்கடை வளவுக்காக மழைக்குள்ளை நிண்ட மனிசன். அவரின்ரை பேரை உடையெண்டு நான் கையெழுத்து வைச்சா எனக்குச் சோறு இறங்குமோ?"

"பிள்ளைக்கு வருத்தம் வந்ததெல்லே?"

"வந்தது. அதுக்கு அவர் என்ன செய்வார்?"

முறைப்பாட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். அவள் கேட்டதற்கு மறுமொழி உங்களிடம் இருக்கிறதா?

பிரதேச சபைக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையானவர், தேநீர் தந்தார். "நினைவுக் கட்டடம் எல்லே, சேர். குடும்பத்தின்ரை சம்மதம் இல்லாமல் நாங்கள் கை வைக்கேலாது." எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேட்டேன். "பிரிவு எண்டு ஒண்டும் இல்லை. ஒரு மனிசத்தன்மைதான்." கட்டும்போது எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை, அகற்றுவதற்கு மட்டும் சம்மதம் வேண்டும். அந்த மனிதத்தன்மையில் செல்வராணியின் கிணற்றுக்கு இடமில்லாமற் போனது எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பிறகு பிரதீபனுடன் கதைத்தேன். இதை எழுதுவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. செல்வராணியின் முற்றத்தை மழைநாளில் எடுத்த வீடியோவை முன்னரே அவனுக்கு அனுப்பியிருந்தேன்.

"பாத்தனியோ?" என்றேன்.

"பாத்தனான். சித்தப்பா, நான் செத்தவீட்டுக்கும் வரேல்லை. பாஸ்போட்டைப் புதுப்பிக்கக் குடுத்த நேரம். கொள்ளியும் நீங்கள்தான் வைச்சியள். நான் போனிலை பாத்துக்கொண்டிருந்தனான். அப்பாவுக்கெண்டு நான் செய்தது உது ஒண்டுதான். அதையும் உடையெண்டு சொல்லுறியளோ?"

குரல் உயர்ந்தது. "சித்தப்பாவோடை சத்தம் போடாதை" என்று அண்ணி அந்தப் பக்கத்தில் சொல்வது கேட்டது. அவ இப்போது அவனோடுதான் இருக்கிறா.

"வாய்க்காலை வேறை பக்கத்தாலை வெட்டேலாதோ?" என்று பிரதீபன் கேட்டான்.

"ஏலாது, தம்பி. பள்ளம் அங்கைதான் இருக்கு" என்றேன்.

தொடர்பு துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு அவன் எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் மறுமொழியில்லை.

அண்ணை, எனக்குக் கோபம் தலைவர்மேல் மட்டும் இல்லை. உங்கள்மேலும் இருக்கிறது. மறித்தவர்கள் இறங்காமற் போனபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? அவர்களுடைய பங்கையும் சேர்த்து வெட்டினீர்கள். மழை பார்த்துக்கொண்டிருக்காது என்பீர்கள், உண்மைதான். ஆனால் அதனால் ஊர் என்ன படித்தது? அது தவநேசனின் வாய்க்கால் என்று படித்தது. நீங்கள் இருக்கும்வரை துப்புரவாக இருந்தது. நீங்கள் போனபின் அது எவருடைய வேலையும் இல்லை. கேட்டால், "உங்கடை அண்ணையைப்போல ஒரு ஆள் இனிப் பிறக்கவேணும்" என்று கையைக் கூப்புகிறார்கள். கும்பிடுவதற்கு ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் குனிந்து மண் அள்ளத் தேவையில்லை என்று நினைக்கிறார்கள்போலும். அந்தத் தரிப்பிடம் நன்றியால் கட்டப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. நன்றியோடு கட்டினால் மதகு அடைபடாது என்று எந்த விதியும் இல்லை.

இவற்றை உங்கள் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டேன். சொன்னால் "இவன் எனக்கும் விளக்கம் கோரிக் கடிதம் அனுப்புறான்" என்று சிரித்திருப்பீர்கள்.

இப்போது புரட்டாதி. மழைக்கு அதிக காலம் இல்லை. ஆகவே இனி நான் செய்யப்போவதை அறிவிக்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். தரிப்பிடத்தை மதகடியிலிருந்து அகற்றி, அதே கல்லோடு, பஸ் நிற்கும் கடையடியில், எழுத்திலான அனுமதியுடன் திரும்பக் கட்டவேண்டும் என்று பிரேரிப்பேன். கைதட்டலை வாக்காக ஏற்கமாட்டேன். கைகளை எண்ணும்படியும், எதிர்ப்பவர்களின் பெயர்களைப் பதியும்படியும் கேட்பேன். தலைமைப் பதவியின் காலம் பற்றிய யாப்பு விதியையும் அன்றே வாசிப்பேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பிரேரணை தோற்றால் திங்கட்கிழமை காலை, ஊர்வாசி என்ற முறையில், தனியாகச் சபைக்கு முறைப்பாடு கொடுப்பேன். குடும்பத்தின் சம்மதம் வேண்டுமென்றால், நானும் உங்கள் குடும்பம்தான்.

மதகு திறந்தபின், வாய்க்காலைத் துப்புரவாக்க வீட்டுக்கு வீடு முறை வைக்கக் கேட்பேன். என் முறையில் நான் இறங்குவேன். மற்றவரின் முறையில் அவர் வராவிட்டால் அவருடைய வாசற் படலையடியில் போய் நிற்பேன். அவர் வெளியே வரும்வரை நிற்பேன். ஆனால் அவருடைய பங்கை நான் வெட்டமாட்டேன். இந்த ஒன்றில் மட்டும் உங்களைப்போல இருக்கமாட்டேன் என்று உங்களுக்கே வாக்குத் தருகிறேன்.

இக்கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்குமுன் பிரதீபனுக்கு அனுப்பியிருக்கிறேன். அவன் என்னோடு கதைக்காமலே இருந்துவிடவும் கூடும். அவனிடம் இதை நீங்கள் எப்படிச் சொல்லியிருப்பீர்கள் என்று பலமுறை யோசித்தேன்; எனக்குத் தெரியவில்லை.

முறைப்பாட்டின் பிரதி என் முன்னால் இருக்கிறது. செல்வராணிக்கு விட்டிருந்த முதல் இடத்தில் நான் கையொப்பமிட்டுவிட்டேன். முறைப்பாட்டாளருக்கும் கட்டடத்துக்கும் உள்ள தொடர்பைக் குறிப்பிடவேண்டிய இடத்தில், 'நினைவுகூரப்படுபவரின் கூடப்பிறந்த தம்பி' என்று எழுதியிருக்கிறேன்.

உங்களுக்குக் கொள்ளி வைத்த,
உங்கள் தம்பி
குகன்