மீசை எடுத்த முகம்

சம்பங்கிக்கு,

பள்ளியில் சௌக்கியமா? இங்கே மாங்காய் இறக்கி முடிந்தது.

கோடை விடுமுறையில் உறவினர் முன்னால் உன்னை நிறுத்தி, காது கேட்காவிட்டாலும் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள் என்று பெருமையடித்துக்கொண்டேன். எந்த வகுப்பு என்று கேட்டேன். நீ விழித்தாய், கையை அசைத்து ஏதோ கேட்டாய். எல்லாரும் சிரிக்க, அந்தக் கையில் அடித்தேன்.

போன வாரம் மத்தூர் வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். "எந்த பாஷையில கேட்டீங்க?" என்றார்.

"வீட்டுல பேசற தெலுங்குலதான்."

"பள்ளிக்கூடத்துல அவ படிச்சது தமிழ் பேசற உதட்டையாச்சே!"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கண்ணாடி முன் தமிழ் பேசிப் பழகுகிறேன். உதட்டை மறைத்த மீசையையும் எடுத்துவிட்டேன். மீசையை முறுக்குவதுபோல் காட்டித்தானே என்னைக் கூப்பிடுவாய்? இனி வேறு சைகை நீயே வை. நான் அடித்த அந்தக் கையாலேயே எனக்கும் அதைச் சொல்லிக்கொடு.

உன் நைனா